மேடைக்கு அப்பால் வகுப்பறை: சிங்கப்பூரில் இந்திய நடன ஆசிரியர்கள்

சிங்கப்பூரின் இந்திய நடன வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மேடையிலிருந்தே தொடங்குவர். எந்த நாட்டிய நாடகம் எந்த ஆண்டில் அரங்கேறியது, யார் கலாசாரப் பதக்கம் பெற்றார், எந்தக் குழு எந்த நாட்டில் ஆடியது என்பனவே அவ்வரலாறுகளில் மிகுதியும் இடம்பெறுகின்றன. அவை தேவையான செய்திகளே. ஆயினும் ஒரு நடனம் ஆண்டில் சில மாலைப்பொழுதுகளே மேடையில் வாழ்கிறது. எஞ்சிய நாள்களெல்லாம் அது வாழும் இடம் வகுப்பு. அவ்வகுப்பை நடத்திய ஆசிரியர் எவ்வாறு உருவானார், அவருக்கு யார் ஊதியம் அளித்தனர், தமிழ் அறியாத குழந்தை வந்து நின்றபோது அவர் எதைக் கற்பித்தார் ஆகிய வினாக்களை இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகிறோம். நம் கருத்தை முதலிலேயே கூறிவிடுவது நலம். மாதக் கட்டணம் செலுத்திக் கற்கும் வகுப்பு இக்கலையை நீர்த்துப்போகச் செய்துவிட்டது என்னும் குறை அடிக்கடி கேட்கப்படுவது. சிங்கப்பூரைப் பொறுத்தவரை இக்கலை வேர்பிடித்ததே அத்தகைய வகுப்பினால்தான் என்று நாம் கருதுகிறோம்.

நட்டுவனாரும் வகுப்பாசிரியரும்

இரண்டாம் சரபோசி மன்னரின் காலத்தில் (1798–1832) தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் சதிராட்டத்தின் நிகழ்ச்சி வரிசையை ஒழுங்குபடுத்தினர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் அம்மார்க்கத்தையே இன்றும் ஆடுகின்றனர். அக்காலத்து ஆசிரியர் நட்டுவனார். இசை வேளாளர் மரபில் பிறந்தவர். கலையைத் தந்தையிடமோ மாமனிடமோ கற்றவர். மாணவி ஆடிப் பெறும் வருவாயில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. மாணவி மேடையேறினால்தான் ஆசிரியருக்கு வாழ்வு என்பது இம்முறையின் அடிப்படை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வமைப்பு குலைந்தது. தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நடத்திய இயக்கம், 1932இல் சென்னை மியூசிக் அகாதமி பரதநாட்டியம் என்னும் பெயரை ஏற்றது, 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவை நிறுவியது, 1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது ஆகியன நன்கறியப்பட்ட செய்திகள். இவற்றால் நடனம் மதிப்புப் பெற்றது. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பெண்களோ மேடையை இழந்தனர். இவ்விழப்பைச் சொல்லாமல் மறுமலர்ச்சியை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. நம் பொருளுக்கு இன்றியமையாதது வேறொன்று. கலாக்ஷேத்ராவில் நடனம் பாடவேளைக்குள் வந்தது. மணி அடித்தது, பாடத்திட்டம் அமைந்தது, தேர்ச்சிக்குச் சான்று கிடைத்தது. பந்தநல்லூர் மரபின் சொக்கலிங்கம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் அங்குக் கற்பித்தனர் என்றாலும், அங்கிருந்து வெளிவந்தவர்கள் எக்குலத்திலும் பிறந்திருக்கலாம். ஊர் ஊராகச் சென்று வகுப்பு நடத்தலாம். கடல் கடந்தும் நடத்தலாம்.

இம்மாற்றம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் கவாசி எனப்பட்ட மரபுவழி ஆடற்பெண்டிரை 1834இல் முகமது அலி கெய்ரோவிலிருந்து வெளியேற்றினார். 1926இல் பாதியா மசாப்னி என்னும் பெண்மணி அதே நகரில் கேளிக்கை அரங்கு ஒன்றைத் திறந்து, தகியா கரியோக்கா, சாமியா கமால் போன்றோரை உருவாக்கினார். இன்று உலக நகரங்களில் பெல்லி நடனம் என்று கற்பிக்கப்படுவதன் மேடை வடிவம் பெரிதும் அங்கிருந்து வந்தது. பழைய ஆட்டக்காரிகள் ஓரந்தள்ளப்பட்ட பின்னரே புதிய வடிவம் எழுந்தது என்பதில் இரு நடனங்களும் ஒத்துள்ளன. அங்குப் புதிய வடிவத்தை வளர்த்தது கேளிக்கை அரங்கு. இங்கு வளர்த்தது பள்ளி. மதிப்பைப் பற்றிய பிற்கால வேறுபாட்டுக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

வழியில் இறங்கியவர்

சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் நிறுவப்பட்டது. போர் முடிந்து நான்கு ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. ஜாலான் புசாரில் 1923 முதல் நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்கா இருந்தது. ரோங்கெங் மேடையும் காபரே கூடமும் அங்கு உண்டு. கட்டணச் சீட்டுக் கொடுத்துப் பெண்களுடன் ஆடலாம். சிராங்கூன் சாலையில் வாழ்ந்த ஒரு தந்தைக்கு நடனம் என்றதும் அப்பூங்காவோ, திரைப்படமோ, ஊரில் கேள்விப்பட்ட தாசியாட்டமோ நினைவுக்கு வந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. மகளை நடனம் கற்க அனுப்புவது அவருக்கு எளிய முடிவாக இருந்திருக்க இயலாது. ‘நாம் இருவர்’ (1947) போன்ற படங்களில் குமாரி கமலா ஆடிய நடனங்கள் இத்தயக்கத்தைக் குறைத்ததில் பங்கு வகித்தன. திரைப்படத்தைக் கலையின் பகையாகவே காண்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இச்சூழலில் 1952இல் கே. பி. பாஸ்கர் சிங்கப்பூர் வந்தார். கேரளத்தைச் சேர்ந்த அவர் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வழியில் இங்கு இறங்கியவர். பயணம் அத்துடன் நின்றது. அதே ஆண்டில் அவர் தொடங்கிய நடனப் பள்ளியே பின்னர்ப் பாஸ்கர் கலைக்கழகம் என வளர்ந்தது. 1955இல் அவருடைய மணமகளாகப் பதின்பருவத்திலேயே இந்நகருக்கு வந்தவர் சாந்தா பாஸ்கர். வந்தது முதல் அவரும் கற்பிக்கத் தொடங்கினார். ஏறத்தாழ அறுபத்தேழு ஆண்டுகள் அவர் அதனை விடவில்லை.

ஒரு செய்தியை இங்கு நிறுத்திச் சொல்ல வேண்டும். தஞ்சையில் உருப்பெற்ற நடனம் சிங்கப்பூர்த் தமிழர் நடுவே நிலைபெற்றது தஞ்சையிலிருந்து நேரே வந்த ஆசிரியர்களால் அன்று. முதலில் அதனைக் கொண்டுவந்து ஊன்றியவர்கள் மலையாளிகள். பின்னர் வந்து வளர்த்தவர்களுள் தலையாயவர் இலங்கைத் தமிழர். நட்டுவனார் குடும்பங்களின் வாரிசுரிமை இங்கு எவருக்கும் இல்லை. ஆகவே எவரும் எவரையும் பிறப்பால் விலக்க இயலவில்லை. கட்டணம் செலுத்தி, வரிசையில் நின்று, அரைமண்டி அமர ஒப்பிய எக்குழந்தையும் மாணவியே.

சொற்கட்டுக்கு மொழி இல்லை

சிங்கப்பூர் வகுப்பில் ஆசிரியர் எதிர்கொண்ட முதற் சிக்கல் மொழி. எதிரே நிற்பவர்களுள் தமிழ்க் குழந்தை உண்டு, மலையாளக் குழந்தை உண்டு, சிந்திக் குழந்தை உண்டு, சீனக் குழந்தையும் உண்டு. ஆங்கிலம் எல்லார்க்கும் ஒருவாறு பொது. ஆனால் நடனத்தின் முதற்பாடத்துக்கு ஆங்கிலமும் வேண்டியதில்லை. ஆசிரியர் மனையின் முன் அமர்ந்து தட்டுக்கழியால் தட்டி, “தெய்யா தெய்” என்று சொல்லத் தொடங்கியதும் எல்லாக் கால்களும் ஒன்றாக எழும். சொற்கட்டு எம்மொழிக்கும் உரியதன்று. அதற்குப் பொருளும் இல்லை. எனவே தமிழ் வீட்டுக் குழந்தைக்கு அங்கு முன்னுரிமை எதுவும் இல்லை. முதலிரண்டு ஆண்டுகள் எல்லாக் குழந்தைகளும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. கலப்பினச் சமுதாயம் ஒன்றில் இத்தகைய தொடக்கம் எவ்வளவு அரிது என்பதை மொழி கற்பிப்போர் அறிவர்.

அடவுகளின் பெயர்களோ தமிழ். தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டடவு, சறுக்கலடவு, மண்டியடவு என அவை வினையையே பெயராகக் கொண்டவை. காலைத் தட்டுவது தட்டு. குதிகாலை நாட்டுவது நாட்டு. சீனக் குழந்தை இச்சொற்களைப் பொருள் தெரிந்து கற்பதில்லை, உடம்பால் கற்கிறது. தமிழ்க் குழந்தையின் நிலையும் இன்று பெரிதும் வேறன்று. சிங்கப்பூர் இந்தியர்களுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2000ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர். 2020இல் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர். ‘சறுக்கல்’ என்னும் சொல்லை வீட்டில் ஒருமுறையும் கேட்டிராத தமிழ்ச் சிறுமி அதனை முதன்முதலாகக் கேட்கும் இடம் நடன வகுப்பாக இருக்கக்கூடும்.

சிக்கல் அபிநயத்தில் எழுகிறது. பதத்துக்கும் வருணத்துக்கும் பொருள் உண்டு. பொருள் தெரியாமல் கண்ணும் கையும் இயங்கா. தலைவி ஏன் தோழியிடம் சினக்கிறாள், அச்சினத்தில் ஏன் ஏக்கம் கலந்துள்ளது என்பதை விளக்க ஆசிரியர் சொல்லுக்குச் சொல் பொருள் கூற வேண்டியுள்ளது. நட்டுவனாருக்கு இப்பணி இருந்ததில்லை. அவருடைய மாணவி அம்மொழிக்குள்ளேயே பிறந்தவள். ஆகவே சிங்கப்பூரின் நடன ஆசிரியர் விரும்பியோ விரும்பாமலோ மொழியாசிரியராகவும் ஆனார். இத்துறை சார்ந்தோர் இதனைப் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த வகுப்பறைச் சிக்கலுடன் இணைத்தே 1958இல் சாந்தா பாஸ்கர் படைத்த வண்ணத்துப்பூச்சிக் காதலர் நாட்டிய நாடகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். லியாங் ஷான்போ, சூ யிங்தாய் ஆகிய காதலரின் கதை சீனர் ஒவ்வொருவரும் அறிந்தது. ஆண்வேடம் பூண்டு கல்வி கற்கச் செல்லும் பெண், உடன் பயிலும் இளைஞனிடம் காதல் கொள்கிறாள். பெற்றோர் வேறொருவனுக்கு மணம் பேசுகின்றனர். காதலன் இறக்க, அவன் கல்லறை பிளந்து அவளை ஏற்கிறது. இருவரும் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கின்றனர். இக்கதையைப் பரதநாட்டிய மொழியில் ஆடியபோது, முத்திரை அறியாத சீனப் பார்வையாளருக்கும் கதை தெரிந்திருந்தது. கதை அறியாத இந்தியப் பார்வையாளருக்கு முத்திரை தெரிந்திருந்தது. இருவரும் பாதி வழி நடந்தால் போதும்.

ஆண்டு இங்கு முக்கியம். தன்னாட்சி கிட்டிய 1959இல்தான் கலாசார அமைச்சு அனேக்கா ராகம் ராக்யாட் என்னும் மக்கள் கலைநிகழ்ச்சிகளைத் தொடங்கி, மலாய், சீன, இந்திய ஆட்டங்களை ஒரே மேடையில் ஏற்றியது. பாஸ்கர் தம்பதியர் அவற்றில் பங்கேற்றனர். மேடைக்குப் பின்னால் மற்ற இனக் கலைஞரிடமிருந்து அசைவுகளைக் கற்றுக்கொண்டனர். பல்லினக் கலை என்பது அரசின் கொள்கையால் பிறந்தது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆசிரியையின் நாட்டிய நாடகம் முந்தியது, கொள்கை பிந்தியது.

1974க்குப் பின்

கொழும்பில் 1938இல் பிறந்து கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவியிடம் பயின்ற நீலா சத்தியலிங்கம், இசைவல்லுநரான தம் கணவர் எஸ். சத்தியலிங்கத்துடன் 1974இல் சிங்கப்பூரில் குடியேறினார். 1977இல் அப்சரஸ் ஆர்ட்ஸ் தொடங்கப்பட்டது. அவருடன் வந்தது கலாக்ஷேத்ரா பாணி: நேர்கோடுகள், தெளிவான அரைமண்டி, கூட்டமாக ஆடும்போதும் சிதறாத ஒழுங்கு. பாஸ்கர் பள்ளியிலோ பரதத்துடன் கேரளத்து ஆடல்களும் நாட்டார் ஆடல்களும் அருகருகே கற்பிக்கப்பட்டன. ஒன்று தூய்மையையும் மற்றொன்று கலப்பையும் நாடியது என்று பிரித்துவிடுவது எளிது, ஆனால் சரியன்று. நீலா அம்மையார் மக்கள் கழகத்தின் இந்திய நடனக் குழுவினரையும் பயிற்றுவித்தவர். அவர் நிறுவிய பள்ளியே 2013இல் அங்கோர் கோயிற் சிற்பங்களைப் பரதத்துக்குள் கொணர்ந்த பெரும்படைப்பை மேடையேற்றியது.

இரு இல்லங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டும் கணவனும் மனைவியும் கூடி நடத்திய பள்ளிகள். நட்டுவனார் இல்லாத நகரில் தட்டுக்கழி ஆசிரியையின் கைக்கு வந்தது. முன்னர் ஆண்களுக்கே உரியதாயிருந்த நட்டுவாங்கத்தைப் பெண் ஏற்றாள். தமிழகத்திலும் இம்மாற்றம் நிகழ்ந்ததே. அங்கு அது வாதத்துக்குரிய பொருளாயிற்று. இங்கோ, கழியை எடுக்க வேறு ஆள் இல்லை என்பதால் எவரும் கேள்வி கேட்கவில்லை.

1979இல் நிறுவப்பட்ட கலாசாரப் பதக்கத்தை அவ்வாண்டிலேயே இந்திய நடனத்துக்காக மாதவி கிருஷ்ணன் பெற்றார். நீலா சத்தியலிங்கம் 1989இலும் சாந்தா பாஸ்கர் 1990இலும் பெற்றனர்.

பள்ளியும் சமூக மன்றமும்

ஆசிரியர்க்கு வாழ்வளித்தது பதக்கம் அன்று. அவர்தம் வருவாய் மூன்று வழிகளில் வந்தது: சொந்த வகுப்பின் மாதக் கட்டணம், 1960இல் அமைக்கப்பட்ட மக்கள் கழகத்தின் சமூக மன்ற வகுப்புகள், அரசுப் பள்ளிகளின் இணைப்பாட நடவடிக்கை. சிங்கப்பூர் இளையர் விழா 1967இல் தொடங்கிய பின் பள்ளிகள்தோறும் இந்திய நடனக் குழுக்கள் பெருகின. பல்கலைக்கழகத்திலும் சாந்தா பாஸ்கர் 1977 முதல் மாணவர்க்குக் கற்பித்து வந்தார். பிற்பகலில் ஒரு பள்ளி, மாலையில் மற்றொரு பள்ளி, இரவில் சொந்த வகுப்பு என ஓடும் வாழ்க்கை பல ஆசிரியைகளுக்கு வாய்த்தது. மாணவி மேடையேறாவிட்டாலும் ஆசிரியைக்கு ஊதியம் உண்டு. பழைய முறையிலிருந்து இது முற்றிலும் வேறானது.

இதில் தீங்கும் இருந்தது. விழாவுக்குரிய ஓர் உருப்படியையே ஆண்டு முழுதும் பயில்வித்தால் அடவு தேறுவதில்லை. தங்கம், வெள்ளி என்று தரம் பிரிக்கப்பட்ட காலத்தில் இந்நெருக்கடி மிகுதி. 2013இல் அம்முறைக்கு மாற்றாகச் சான்றிதழ் முறை வந்த பின்னும் அது முழுமையாகத் தணியவில்லை. ஆயினும் இந்திய நடனக் குழுவில் சேரும் சீன, மலாய் மாணவியர் வேறு எவ்வழியிலும் இக்கலைக்குள் வந்திருக்கமாட்டார்கள். அரங்கேற்றத்தின் செலவு பல குடும்பங்களுக்கு எட்டாதது. பள்ளிக்குழு அந்த வாயிலைச் சுற்றிச் செல்லும் வேறொரு வழியாக அமைந்தது.

இடம் பற்றியும் கூற வேண்டும். நிலம் அரிதான நகரில் கால் தட்டுவதற்கு ஒரு தளம் வேண்டும். கீழ்வீட்டார் பொறுக்கவும் வேண்டும். 1985இல் தொடங்கிய கலை இடவசதித் திட்டம் இதற்கு வழிசெய்தது. சந்தை வாடகையின் சிறுபகுதியைச் செலுத்திக் கலைக்குழுக்கள் பழைய கட்டடங்களில் குடியேறின. ஒரு காலத்தில் ஜப்பானியரின் தொடக்கப்பள்ளியாகவும் பின்னர் ஸ்டாம்ஃபோர்டு பெண்கள் பள்ளியாகவும் இருந்த வாட்டர்லூ தெருக் கட்டடம் கலை நிலையமாயிற்று. 1988இல் பாஸ்கர் தம்பதியர் நிறுவிய நிருத்யாலயா அங்கு வகுப்பு நடத்தியது. தேக்காவின் கெர்பாவ் சாலைக் கடைவீடுகளில் பாஸ்கர் கலைக்கழகத்துக்கும் சோம் சைட் அம்மையாரின் மலாய் நடனக் குழுவுக்கும் இடம் கிடைத்தது. கெர்பாவ் என்பது மலாயில் எருமை. கால்நடை வணிகம் நடந்த பகுதியின் பெயர் அது. சலங்கை ஒலி வந்த பின்னும் பெயர் மாறவில்லை.

இந்நூற்றாண்டில் நகரெங்கும் பாலிவுட் நடனம், பெல்லி நடனம், உடற்பயிற்சி நடனம் ஆகியவற்றின் வகுப்புகள் தோன்றியுள்ளன. அலுவலகம் முடிந்து வரும் பெண்களே பெரும்பாலும் அவற்றின் மாணவியர். மரபு நடன ஆசிரியர் சிலர் இவற்றை இகழ்ந்து பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். கட்டணம், வாடகைக் கூடம், பல இன மாணவியர், ஆண்டிறுதி நிகழ்ச்சி ஆகிய அனைத்தும் 1952இல் பரதத்துக்காக இந்நகரில் வகுக்கப்பட்ட வழிமுறைகளே. வேறுபாடு காலத்தில்தான் உள்ளது. எட்டு வாரத்தில் முடியும் பாடமும் எட்டாண்டில் முடியாத பாடமும் ஒரே கூடத்தை வாடகைக்கு எடுக்கின்றன. முன்னதன் கணக்கு எளிதில் நேராகிவிடுகிறது. பின்னதை நடத்தும் ஆசிரியையின் உண்மையான நெருக்கடி இதுவே, மாணவியரின் சுவை மாற்றம் அன்று.

2020 ஏப்ரலில் கிருமிப்பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியபோது கூடங்கள் மூடப்பட்டன. வகுப்பு கணினித் திரைக்குச் சென்றது. இணையத்தில் ஒலி பிந்தி வரும். ஆசிரியை தட்டும் தட்டும் மாணவி வைக்கும் அடியும் ஒருபோதும் ஒன்றாக விழா. பாடல் பதிவை மாணவியின் வீட்டிலேயே ஒலிக்கவிட்டு, ஆசிரியை ஒலியை அடைத்து உருவத்தை மட்டும் பார்த்துத் திருத்துவது சிலர் கண்ட வழி. நட்டுவாங்கம் இல்லாத பரதம் அது.

எழுதப்படாத ஏடுகள்

கே. பி. பாஸ்கர் 2013இலும் நீலா சத்தியலிங்கம் 2017இலும் மறைந்தனர். சாந்தா பாஸ்கர் 2022 பெப்ரவரி 26 அன்று, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நிகழ்ச்சி தொடங்கவிருந்த வேளையில், காலமானார், அகவை 82. இவர்களின் படைப்புகள் ஓரளவு பதிவாகியுள்ளன. இவர்களிடம் கற்று, அரங்கேறியோ அரங்கேறாமலோ, தோ பாயோ, அங் மோ கியோ, ஈசூன் அடுக்குமாடிப் பேட்டைகளின் சமூக மன்றங்களில் வாரம் இரு மாலைகள் கற்பித்து ஓய்ந்த ஆசிரியைகளின் பெயர்கள் நிகழ்ச்சி மலர்களின் கடைசிப் பக்கத்தில் நன்றியுரையில் மட்டுமே உள்ளன. சிங்கப்பூரில் நடனம் கற்ற பெரும்பாலோர் கற்றது அவர்களிடம்தான்.

அவர்களைப் பற்றி எழுதுவதற்குரிய சான்றுகள் மிக எளியவை: வருகைப் பதிவேடு, கட்டணச் சீட்டுக் கட்டு, ஜதியும் முத்திரையும் குறித்த பள்ளிக் குறிப்பேடு, ஆடை தைத்த கணக்கு. யார் எந்த ஆண்டில் சேர்ந்தார், எம்மொழிக் குடும்பத்தினர், எத்தனை மாதங்களில் நின்றார், கட்டணம் கட்ட இயலாதோரை ஆசிரியை என்ன செய்தார் என்பனவற்றை இவ்வேடுகளைவிடத் தெளிவாகக் கூறும் சான்று வேறில்லை. வீடு மாறும்போது முதலில் கழிக்கப்படுவனவும் இவையே. இத்தகைய ஏடுகளை வைத்திருப்போர், அவை எவ்வளவு சிதைந்திருப்பினும், இவ்விதழின் முகவரிக்கு எழுதினால் நேரில் வந்து படியெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பி அளிப்போம்.